ஐந்து வருஷக் கடன்: யாருக்கு ஓட்டு என்று எப்படி முடிவு செய்வது?



நம் குழுவில் ஒரு உறுப்பினர் 10,000 ரூபாய் உள்கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? உடனே தூக்கிக் கொடுத்துவிடுகிறோமா? இல்லை. வட்டமாக உட்கார்ந்து கேள்வி கேட்கிறோம். "எதுக்கும்மா பணம்?" "போன கடனை ஒழுங்கா கட்டினியா?" "எதை வெச்சுத் திருப்பிக் கட்டுவே?" "மாடு வாங்கப் போறேன்னு சொல்லி வேற செலவு பண்ணிட மாட்டியே?" இத்தனையும் கேட்டு, தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் கொடுக்கிறோம்.

ஓட்டும் ஒரு கடன்தான். ஐந்து வருஷத்துக்கு நம் ஊரை, நம் மாநிலத்தை, நம் நாட்டை ஒருவர் கையில் கொடுக்கிறோம். 10,000 ரூபாய்க்குக் கேட்கிற கேள்வியில் பாதியாவது இதற்குக் கேட்கிறோமா? இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று இந்தப் பாடம் சொல்லாது. நம் கூட்டமைப்புக்குக் கட்சி கிடையாது. எல்லாக் கட்சிக்கும் ஓட்டுப் போடுகிற பெண்கள் நம்மிடம் இருக்கிறார்கள். எப்படி யோசிப்பது என்பது மட்டுமே இங்கே பேச்சு.

நாம் எப்படி முடிவு செய்கிறோம்?

"ஓட்டு யாருக்குப் போடுவீங்க, ஏன்?" என்று கேட்டால் கிராமத்தில் என்னென்ன பதில் வரும் என்பது நமக்குத் தெரியும்.

"எங்க வீட்டுக்காரர் எதுக்குச் சொல்றாரோ அதுக்குத்தான்."

"எங்கப்பா காலத்துல இருந்து ஒரே சின்னம். கை தானா அங்கே போயிடும்."

"நம்ம ஆளுங்க நிக்கிறாங்க. நாம போடலேன்னா வேற யாரு போடுவா?"

"அவங்கதான் ரேஷன்ல அரிசி கொடுத்தாங்க. சோறு போட்டவங்களை மறக்கக் கூடாது."

"விலைவாசி இப்படி ஏறிக் கெடக்கு. இந்தத் தடவை மாத்திப் போட்டாத்தான் புத்தி வரும்."

"நல்லது கெட்டதுன்னா வீட்டுக்கு வந்து நிப்பாரு. நல்ல மனுஷன்."

"எப்படியும் அவங்கதான் ஜெயிக்கப் போறாங்க. தோக்குறவங்களுக்குப் போட்டு ஓட்டை ஏன் வீணாக்கணும்?"

"காசு வாங்கியாச்சு. வாங்கிட்டுப் போடாம இருந்தா பாவம் இல்லையா?"

இந்தப் பதில்களைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். படித்தவர்கள், பட்டணத்தில் இருப்பவர்கள் முடிவு செய்வதும் ஏறக்குறைய இப்படித்தான். இதில் சில நல்ல காரணங்களும் உண்டு. அரிசி கொடுத்த ஆட்சியை நினைத்துப் பார்ப்பது தப்பில்லை. அது கணக்குப் பார்ப்பதுதான். விலைவாசிக்காக ஆட்சியை மாற்றுவதும் ஜனங்களின் உரிமை. சின்னத்தைப் பார்த்துப் போடுவதிலும் கேவலம் இல்லை. 1951-52ல் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதிகம். அவர்களும் தாங்களாகவே ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காகத்தான் சின்னமே வந்தது.

ஆனால் ஒரே ஒரு காரணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு முடிவு செய்யும்போதுதான் ஏமாறுகிறோம். "நம்ம ஆளு" என்று போடுகிறோம். ஜெயித்த பிறகு நம் தெருவுக்குத் தண்ணீர் வந்ததா என்று பார்ப்பதில்லை. "நல்ல மனுஷன்" என்று போடுகிறோம். அவர் சட்டசபையில் நமக்காக என்ன கேட்டார் என்று விசாரிப்பதில்லை. கடன் கேட்பவர் நல்ல பெண்தான் என்றாலும், போன கடன் பாக்கியைக் கேட்காமல் நாம் விடுவோமா?

ஜனங்கள் ஏமாளிகள் அல்ல

"படிக்காத ஜனம், காசுக்கும் சினிமாவுக்கும் ஓட்டுப் போடுது" என்று சிலர் பேசுவார்கள். அது சரியில்லை. இரண்டு உதாரணம் பார்ப்போம்.

1980 ஜனவரியில் பார்லிமெண்டுத் தேர்தல் நடந்தது. தமிழ்நாட்டின் 39 தொகுதியில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது 2 மட்டும். எம்.ஜி.ஆர். கதை முடிந்தது என்று எல்லோரும் பேசினார்கள். பிப்ரவரியில் அவருடைய ஆட்சியும் கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டசபைத் தேர்தல் வந்தது. அதே ஜனங்கள் அ.தி.மு.க.வுக்கு 129 இடம் கொடுத்து மறுபடி ஆட்சியில் உட்கார வைத்தார்கள். டெல்லிக்கு ஒரு கணக்கு, சென்னைக்கு ஒரு கணக்கு என்று பிரித்துப் பார்த்தார்கள்.

2019லும் அப்படித்தான் நடந்தது. திண்டுக்கல் எம்.பி. தொகுதியில் தி.மு.க. 5 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது. அந்தத் தொகுதிக்குள்தான் நிலக்கோட்டை இருக்கிறது. அதே நாள், அதே வாக்குச்சாவடியில் நிலக்கோட்டைக்குச் சட்டசபை இடைத்தேர்தலும் நடந்தது. அதில் ஜெயித்தது அ.தி.மு.க. ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு மிஷினில் ஆயிரக்கணக்கான பேர் இரண்டு விதமாகப் பட்டன் அமுக்கியிருக்கிறார்கள்.

யாருடைய முடிவு சரி என்பது இங்கே பேச்சு இல்லை. இது எந்தத் தேர்தல், இதற்கு யார் பொருத்தம் என்று யோசிக்கிற புத்தி நம் ஜனங்களுக்கு இருக்கிறது. அதை எல்லாத் தேர்தலிலும் பயன்படுத்த வேண்டும்.

முதல் கேள்வி: இது எந்தத் தேர்தல்?

பஞ்சாயத்துத் தேர்தலில் வந்து கேஸ் விலையைக் குறைப்பேன் என்று ஒருவர் சொன்னால் நம்பலாமா? அந்த வேலை அவர் கையில் இல்லை. எந்த வேலை யார் கையில் என்று தெரிந்தால்தான் யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியும்.

ஊராட்சி கையில் இருப்பவை: குடிதண்ணீர் விநியோகம், தெருவிளக்கு, தெருச் சாக்கடை, குப்பை, ஊருக்குள் இருக்கும் ரோடு.

மாநில அரசு கையில் இருப்பவை: ரேஷன் கடை, அரசுப் பள்ளி, அரசு ஆஸ்பத்திரி, டவுன் பஸ், கரண்ட், போலீஸ், டாஸ்மாக் கடை. நம் மகளிர் திட்டத்தை நடத்துவதும் மாநில அரசுதான்.

மத்திய அரசு கையில் இருப்பவை: ரயில், தேசிய வங்கிகளின் கடன் விதிகள், உர மானியம், சமையல் கேஸ் மானியம், நாட்டின் பாதுகாப்பு.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலும் வார்டு உறுப்பினர் தேர்தலும் கட்சி இல்லாமல் நடப்பவை. அங்கே ஆளைப் பார்த்துத்தான் போட வேண்டும். ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர் தேர்தல்கள் கட்சிச் சின்னத்தில் நடப்பவை. அதனால்தான் ஊராட்சித் தேர்தலில் நம் கையில் நாலு ஓட்டுச் சீட்டு வருகிறது. நாலுக்கும் நாலு யோசனை வேண்டும்.

இரண்டாவது கேள்வி: கட்சியைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

"கட்சி எதுவா இருந்தா என்ன, ஆளு நல்லவரா இருந்தாப் போதும்" என்று சொல்கிறோம். எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் அது முழுக்கச் சரியில்லை. 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது. அதன்படி, சபையில் ஓட்டெடுப்பு நடக்கும்போது கட்சி போடும் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் உறுப்பினர் பதவியே போகலாம். ஆகவே ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அங்கே அவர் கை தூக்கப் போவது கட்சி சொல்கிற பக்கம்தான். அந்தக் கட்சி எதற்காக நிற்கிறது, யாரோடு கூட்டுச் சேர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் ஆளை மட்டும் பார்ப்பது, மாப்பிள்ளையை மட்டும் பார்த்துவிட்டுக் குடும்பத்தை விசாரிக்காமல் பெண் கொடுப்பது மாதிரி.

அதற்காக ஆளை விட்டுவிடவும் கூடாது. அடிதடி, நில அபகரிப்பு என்று வழக்கு இருப்பவரா என்று பார்க்க வேண்டும். இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு வேட்பாளரும் மனுத்தாக்கல் செய்யும்போது ஒரு உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். அவர் மேல் உள்ள வழக்குகள், அவருக்கும் மனைவி அல்லது கணவருக்கும் உள்ள சொத்து, கடன் பாக்கி, படிப்பு எல்லாம் அதில் இருக்கும். தேர்தல் கமிஷன் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வழக்கு உள்ளவர்கள் அதைப் பேப்பரிலும் டி.வி.யிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும் என்று 2018ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. நம் குழுவில் படித்த பெண் ஒருவர், அல்லது காலேஜ் படிக்கிற பிள்ளை ஒன்று, செல்போனில் எடுத்து எல்லா வேட்பாளருடையதையும் வாசித்துக் காட்டலாம். ஒருவருடையதை மட்டும் வாசிக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வி: வாக்குறுதியை எப்படி எடை போடுவது?

நம் மாநிலத்தில் தேர்தல் வாக்குறுதிக்குப் பெரிய சரித்திரம் உண்டு. 1967ல் அரிசிப் பஞ்சம் இருந்த நேரம். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம் என்று தி.மு.க. சொன்னது. ஆட்சிக்கு வந்த பிறகு ரூபாய்க்கு ஒரு படி திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. மாநிலம் முழுக்கக் கொண்டுபோகப் பணம் போதவில்லை. 2006ல் கிலோ 2 ரூபாய் அரிசியும் கலர் டி.வி.யும் வந்தன. 2008ல் அரிசி 1 ரூபாய் ஆனது. 2011ல் ஆட்சி மாறியது, அரிசி இலவசம் ஆனது. மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் வந்தன. இரண்டு பெரிய கட்சிகளும் போட்டி போட்டதால் அரிசி நம் அடுப்புக்கு வந்தது உண்மை. வாக்குறுதி எல்லாமே பொய் என்றும் சொல்ல முடியாது, எல்லாமே மெய் என்றும் சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொன்றையும் நாலு கேள்வி கேட்டுப் பார்ப்போம்.

எப்போது? 2021 தேர்தலில் குடும்பத் தலைவிக்கு மாதம் 1,000 ரூபாய் என்று தி.மு.க. சொன்னது. ஆட்சி அமைந்தது 2021 மே மாதம். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் இலவசப் பயணம் அந்த மாதமே வந்துவிட்டது. 1,000 ரூபாய் வந்தது 2023 செப்டம்பர் 15ஆம் தேதி.

யாருக்கு? அந்த 1,000 ரூபாய்த் திட்டத்தைத் தொடங்கியபோது வருமானம், நிலம், கரண்ட் யூனிட் என்று வரம்பு வைத்தார்கள். சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்கு இல்லை. குழுக் கடன் தள்ளுபடியும் அப்படித்தான். 2021ல் தள்ளுபடி ஆனது கூட்டுறவு வங்கியில் வாங்கிய குழுக் கடன். தேசிய வங்கியில் வாங்கிய குழுக்களுக்கு அது கிடையாது. "கடன் தள்ளுபடி" என்று மேடையில் கேட்டதும் தவணையை நிறுத்தினால், நம் குழுவின் பேர்தான் வங்கியில் கெடும். எந்த வங்கி, எந்தத் தேதி வரைக்கும் வாங்கிய கடன் என்று அரசாணை வந்த பிறகுதான் தெரியும். அதுவரைக்கும் தவணையைக் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

எவ்வளவு? 2016 தேர்தலில் படிப்படியாக மதுவிலக்கு என்று அ.தி.மு.க. சொன்னது. பூரண மதுவிலக்கு என்று தி.மு.க. சொன்னது. அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்து 2016 ஜூனில் 500 கடை, 2017 பிப்ரவரியில் 500 கடை மூடியது. தி.மு.க. ஆட்சியில் 2023 ஜூனில் 500 கடை மூடினார்கள். மூன்று தடவையும் கடை குறைந்தது. மதுவிலக்கு வரவில்லை. எத்தனை கடை மூடினார்கள் என்பதோடு, நம் ஊரில் குடி குறைந்ததா என்றும் நாம் கேட்க வேண்டும். பதில் நமக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பணம் எங்கிருந்து? கவர்ன்மெண்டு பணம் நம் பணம். சோப்பு, தீப்பெட்டி என்று நாம் வாங்குகிற சாமானில் பலவற்றுக்கு வரி கட்டுகிறோம். ஒரு பக்கம் கொடுப்பவர் எந்தப் பக்கத்தில் குறைப்பார்? 2013ல் சுப்ரீம் கோர்ட் தேர்தல் அறிக்கை பற்றி விதிமுறை வகுக்கச் சொன்னது. அதன்படி, வாக்குறுதிக்குப் பணம் எப்படி வரும் என்பதையும் கட்சிகள் ஓரளவு விளக்க வேண்டும் என்று தேர்தல் கமிஷன் விதி வைத்தது. கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வரும்போது நாம் அதைக் கேட்கலாம்.

கையில் கொடுக்கும் காசு

அதே 2013 தீர்ப்பில், தேர்தல் அறிக்கையில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும் வாக்குறுதி லஞ்சம் ஆகாது என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் வீட்டுக்கு வந்து கையில் கொடுக்கும் பணம், டோக்கன், புடவை, குடம் எல்லாம் லஞ்சம்தான். கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஒரு வருஷம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும். பணம் மிஞ்சிப் போனதால் தேர்தலே நின்றதும் உண்டு. 2017 ஏப்ரலில் சென்னை ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் ரத்தானது. டிசம்பரில்தான் நடந்தது. 2019 ஏப்ரலில் வேலூர் எம்.பி. தேர்தல் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது.

ஒரு கணக்குப் போடுவோம். ஓட்டுக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருஷத்துக்கு 1,825 நாள். ஒரு நாளைக்கு 55 பைசா. நம் ஐந்து வருஷத்தின் விலை, நாளைக்கு 55 பைசா! கொடுத்தவர் அந்தப் பணத்தை எங்கிருந்து எடுப்பார்? நம் ரோட்டு வேலையிலும் வீட்டுத் திட்டத்திலும்தான் கமிஷனாக எடுப்பார்.

"வாங்கிட்டோம், கற்பூரத்துல அடிச்சு சத்தியம் வாங்கிட்டாங்க" என்று சிலர் பயப்படுகிறார்கள். சட்டத்துக்கு விரோதமாகப் பணம் கொடுத்தவர் வாங்கிய சத்தியத்துக்கு நம் மனசாட்சி எப்படிக் கட்டுப்படும்? சிறந்த வழி வாங்காமல் இருப்பதுதான். புகார் சொல்ல 1950 என்ற நம்பர் இருக்கிறது. சி-விஜில் என்ற செல்போன் செயலியிலும் படம் எடுத்து அனுப்பலாம். பேர் சொல்லாமலும் அனுப்ப வழி உண்டு.

குழு ஓட்டு வங்கி அல்ல

இதுதான் நமக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். தேர்தல் வந்தால் எந்த ஊரிலும் முதலில் தேடுவது மகளிர் குழுவைத்தான். ஒருவர் ஊக்குநர் வீட்டுக்கு வந்து இப்படிப் பேசுவார்:

"அக்கா, உங்க குழுவுல எத்தனை பேரு?"

"பதினஞ்சு பேரு தம்பி."

"பதினஞ்சு வீடுன்னா நாப்பது ஓட்டுக்கு மேல தேறும். லிஸ்ட் குடுங்க. கவரை உங்ககிட்டயே குடுத்துடறேன். ஜெயிச்சு வந்ததும் குழுவுக்கு ஒரு கட்டடம் கட்டித் தர்றோம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடப்பதைப் பாருங்கள். ஊக்குநர் கவரை வாங்கினால், எதிர்க்கட்சியைச் சேர்ந்த உறுப்பினர் வீட்டில் கேள்வி வரும். "உன் குழு அந்தக் கட்சி குழுவாமே, இனிமே கூட்டத்துக்குப் போகாதே" என்பார் வீட்டுக்காரர். கவர் கிடைக்காதவர் ஊக்குநர் மேல் சந்தேகப்படுவார். கூட்டத்துக்கு ஆள் குறையும். சந்தா நிற்கும். தவணை தவறும். அடுத்த தடவை வங்கியில் தரம் பிரிக்கும்போது குழு கீழே போகும். பல வருஷமாக வாரம் 10 ரூபாய், 20 ரூபாய் என்று சேர்த்துக் கட்டிய குழு ஒரு கவரில் உடைந்துபோகும். தேர்தல் ஒரு நாளில் முடிந்துவிடும். நாம் தினமும் அதே தெருவில் முகத்தில் முகம் விழித்து வாழ வேண்டியவர்கள்.

உறுப்பினர் லிஸ்ட், போன் நம்பர், ஆதார் நகல் இவற்றை எந்தக் கட்சிக்கும் தரக் கூடாது. குழுக் கூட்டத்தில் ஓட்டுக் கேட்க யாரையும் விடக் கூடாது. குழுவாகக் கட்சிக் கூட்டத்துக்கு லாரியில் போகக் கூடாது. தனி ஆளாக எந்தக் கட்சியிலும் இருக்கலாம், பேசலாம், தேர்தலில் நிற்கலாம். அது ஒவ்வொருவர் உரிமை. குழுவின் பேரைப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படி ஒரு தீர்மானத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம்: "நமது குழு எந்தக் கட்சியையும் சேர்ந்தது அல்ல. குழுவின் பெயரிலோ குழு மூலமாகவோ ஓட்டுக்காக யாரிடமும் பணமோ பொருளோ பெறுவதில்லை. உறுப்பினர் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறார் என்பதை வைத்துக் கடன் கொடுப்பதோ மறுப்பதோ இல்லை. இதை அனைவரும் ஏகமனதாக ஏற்கிறோம்." தீர்மான நோட்டில் இது இருந்தால் ஊக்குநருக்கும் பாதுகாப்பு. "நான் என்ன செய்ய தம்பி, குழு தீர்மானம் அப்படி" என்று சொல்லி அனுப்பிவிடலாம்.

வீட்டில் என்ன சொல்வது?

முதல் பொதுத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுத்தபோது வடமாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பேரைச் சொல்லவில்லை. "இன்னாரின் மனைவி", "இன்னாரின் மகள்" என்றே பதிவு செய்தார்கள். சொந்தப் பேர் இல்லாமல் பட்டியலில் சேர்க்க முடியாது என்று தேர்தல் கமிஷன் சொல்லிவிட்டது. சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. இன்று நிலைமை அப்படி இல்லை. 2021 சட்டசபைத் தேர்தலில் தமிழ்நாட்டில் ஆண் வாக்காளர்கள் சுமார் 3 கோடியே 9 லட்சம், பெண்கள் சுமார் 3 கோடியே 19 லட்சம். பட்டியலில் நாம் 10 லட்சம் பேர் அதிகம். ஆனால் பேர் நம்முடையதாகவும் முடிவு வீட்டுக்காரருடையதாகவும் இருந்தால், நாம் இன்னும் "இன்னாரின் மனைவி"தான்.

வீட்டில் பேசுவது தப்பில்லை. வீட்டுக்காரரும் மாமனாரும் சொல்வதில் விஷயம் இருந்தால் கேட்டுக்கொள்ளலாம். நாமும் நம் பக்கத்தைச் சொல்லலாம். ரேஷன் கடை வரிசையும் தண்ணீர்க் குடமும் பிரசவ ஆஸ்பத்திரியும் நமக்குத்தான் அதிகம் தெரியும். சொன்னால் சண்டை வரும் என்றால் சொல்லவே வேண்டாம். ரகசிய ஓட்டு என்பது நமக்காகத்தான்.

"யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சிடுவாங்களாமே?" இது பலருக்கு இருக்கும் பயம். பட்டன் அமுக்கியதும் பக்கத்து மிஷினில் ஒரு சீட்டு 7 விநாடி தெரியும். அதில் வேட்பாளர் பேரும் சின்னமும் இருக்கும், நம் பேர் இருக்காது. பிறகு அது பெட்டிக்குள் விழுந்துவிடும். எண்ணிக்கையில் ஒரு வாக்குச்சாவடியில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்று தெரியும். எந்தப் பெண் யாருக்குப் போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ஓட்டு என்ன செய்யும்?

2021ல் சென்னை தியாகராய நகர் தொகுதியின் வெற்றி வித்தியாசம் 137 ஓட்டு. ஏழெட்டு மகளிர் குழுவின் உறுப்பினர் எண்ணிக்கைதான் அது. 2008ல் ராஜஸ்தான் மாநிலம் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி என்ற பெரிய தலைவர் ஒரே ஒரு ஓட்டில் தோற்றார்.

தோற்பவருக்குப் போட்ட ஓட்டும் வீண் இல்லை. ஜெயித்தவருக்கு எதிராக எவ்வளவு ஓட்டு விழுந்தது என்று எல்லாக் கட்சியும் எண்ணிப் பார்க்கும். அடுத்த ஐந்து வருஷம் அந்தப் பயம் இருக்கும். யாரும் பிடிக்கவில்லை என்றால் 2013 முதல் நோட்டா பட்டன் இருக்கிறது. ஆனால் எம்.எல்.ஏ., எம்.பி. தேர்தலில் நோட்டாவுக்கு அதிக ஓட்டு விழுந்தாலும், வேட்பாளர்களில் முதலில் வந்தவரே ஜெயித்தவர். அதையும் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

ஓட்டுக்கு முன் ஆறு கேள்வி

1. இது எந்தத் தேர்தல்? நான் கேட்கும் வேலை இவர் கையில் இருக்கிறதா?
2. போன தடவை இவரும் இவர் கட்சியும் சொன்னது என்ன, செய்தது என்ன?
3. இப்போது சொல்வது யாருக்கு, எப்போது, எவ்வளவு, எந்தப் பணத்தில்?
4. வேட்பாளர் மேல் என்ன வழக்கு, சொத்து எவ்வளவு ஏறியிருக்கிறது?
5. என் தெருவுக்கு மட்டுமா, காலனிக்கும் பக்கத்துத் தெருவுக்கும் சேர்த்தா? ஊரைப் பிரித்துப் பேசுகிறாரா, சேர்த்துப் பேசுகிறாரா?
6. இது என் முடிவா, எனக்காக வேறு யாரோ எடுத்த முடிவா?

இந்த ஆறுக்கும் பதில் தேடிய பிறகு நீங்கள் யாருக்குப் போட்டாலும் அது நல்ல ஓட்டுத்தான். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அக்கா வேறு சின்னத்துக்குப் போட்டாலும் அதுவும் நல்ல ஓட்டுத்தான். இரண்டு பேரும் அடுத்த வாரம் ஒரே பாயில் உட்கார்ந்து சந்தா கட்டப் போகிறீர்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

இந்தப் பாடத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்ட பிறகு இவற்றைப் பேசுங்கள். யாருக்கு ஓட்டு என்று மட்டும் யாரும் யாரையும் கேட்க வேண்டாம்.

1. நம் ஊருக்கு மிகவும் தேவையான மூன்று வேலைகள் என்ன? அவை ஊராட்சி, மாநிலம், மத்தி எதன் கையில் இருக்கின்றன?
2. போன தேர்தலில் நம் ஊரில் கொடுத்த வாக்குறுதிகள் என்னென்ன? எவை நடந்தன? எவை நடக்கவில்லை?
3. மேலே உள்ள தீர்மானத்தை நம் குழு நிறைவேற்றலாமா? எதைச் சேர்க்க வேண்டும்?
4. குழுவில் 18 வயது முடிந்த உறுப்பினர்கள் எல்லோர் பேரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா? கல்யாணம் ஆகி நம் ஊருக்கு வந்த பெண்களின் பேர் மாற்றியாகிவிட்டதா? அடுத்த கூட்டத்துக்குள் யார் யார் சரிபார்ப்பது?

நாலாவது கேள்விக்கான பொறுப்பை இரண்டு உறுப்பினர்களிடம் கொடுத்து, அவர்கள் பேரைத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் பேர் இல்லாவிட்டால் மற்ற எல்லா யோசனையும் வீண்தான்.